மொழியாசிரியர்களுக்கான புள்ளியியல்: மயிலாப்பூர் ஞாயிறு வகுப்பு பற்றிய மதிப்பீடு

மேல்நிலைப் பள்ளியில் தமிழ் கற்பித்துக்கொண்டே பகுதிநேரமாக முனைவர் பட்ட ஆய்வு செய்துவரும் எனக்கு, தரவுப் பகுப்பாய்வு இயலை எழுத உட்கார்ந்த நாளில்தான் புள்ளியியல் தெரியாதது எத்தகைய குறை என்பது உறைத்தது. ஒன்பதாம் வகுப்பின் ஒரு பிரிவுக்கு வல்லினம் மிகும், மிகா இடங்களை விதிகளாகவே நடத்தினேன். மற்றொரு பிரிவு மாணவர்கள் தம் கட்டுரைகளில் உள்ள சந்திப் பிழைகளைத் தாமே கண்டு திருத்தி, அவற்றிலிருந்து விதிகளை வருவித்தனர். பிரிவுக்கு 38 பேர். பின்தேர்வில் இரண்டாம் பிரிவின் சராசரி 2.4 மதிப்பெண் கூடுதலாக இருந்தது. அது கற்பித்த முறையால் வந்ததா, தற்செயலா என்று நெறியாளர் கேட்டார். எனக்கு விடை சொல்லத் தெரியவில்லை. அதற்காகவே மயிலாப்பூரில் மொழியாசிரியர்களுக்கென நடைபெறும் எட்டு வார ஞாயிறு வகுப்பில் சேர்ந்தேன்.

இவ்வகுப்பின் தலையாய சிறப்பு, அது தமிழில் நடப்பதும் நம் மதிப்பெண் பதிவேட்டிலிருந்தே தொடங்குவதும் ஆகும். மதிப்பெண்கள் எவ்வளவு சிதறியுள்ளன என்பதை அளக்கும் திட்ட விலக்கம், விலக்க வர்க்கச் சராசரி, மாறுபாட்டுக் கெழு ஆகிய சொற்கள் பத்தாம் வகுப்புக் கணிதப் பாடநூலில் உள்ளவை. நம் மாணவர்களுக்குப் பழகிய அச்சொற்களையே பயிற்றுநரும் கையாண்டார். முதல் இரண்டு வாரங்கள் எந்தச் சூத்திரமும் இல்லை. அவரவர் கொண்டுவந்த மதிப்பெண்களை வரைபடமாக்கிப் பார்த்தோம். சராசரி, விலக்க வர்க்கச் சராசரி, ஒட்டுறவு (இரண்டு அளவுகள் சேர்ந்து மாறும் அளவு) ஆகியவை ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தும், வரைந்து பார்த்தால் முற்றிலும் வேறுபடும் நான்கு தரவுத் தொகுதிகளை 1973இல் ஆன்ஸ்கோம்ப் என்பவர் உருவாக்கிக் காட்டியதை அப்போதுதான் அறிந்தேன். சராசரியை மட்டும் கணக்கிட்டு ஓர் இயலையே எழுதி முடிக்கும் பழக்கம் நம் மொழித்துறை ஆய்வுகளில் இருப்பதை எண்ணிப் பார்க்கையில், அந்த இரண்டு வாரங்களுக்காகவே இவ்வகுப்பைப் பரிந்துரைப்பேன்.

நான்காம் வாரப் பாடத்தை என்னால் மறக்க இயலாது. 40 கட்டுரைகளை இரண்டு ஆசிரியர்கள் தனித்தனியே திருத்தித் 'தேர்ச்சி', 'தேர்ச்சியின்மை' என்று பிரித்ததாகக் கொள்வோம். 34 கட்டுரைகளில் இருவரும் ஒத்துப்போனால் அது 85 விழுக்காடு; நாமெல்லாம் நிறைவடைந்துவிடுவோம். ஆனால் இருவருமே பத்தில் ஒன்பது கட்டுரைகளுக்குத் தேர்ச்சி தருபவர்கள் என்றால், கட்டுரையைப் படிக்காமல் குருட்டாம்போக்கில் திருத்தினாலும் 82 விழுக்காடு ஒத்துப்போகும் என்பதைப் பயிற்றுநர் கரும்பலகையில் பெருக்கிக் காட்டினார். 1960இல் ஜேக்கப் கோகன் வகுத்த காப்பா கெழு இத்தற்செயல் ஒப்புதலைக் கழித்துவிட்டுக் கணக்கிடுகிறது, முழு ஒப்புதலுக்கு 1 என்றால், இங்கே விடை 0.17 மட்டுமே. கட்டுரை திருத்துவதில் இத்தனை ஆண்டுப் பட்டறிவு உள்ள எங்களில் ஒருவருக்கும் இது முன்பே தோன்றியிருக்கவில்லை.

இரு குழுக்களின் சராசரி வேறுபாடு தற்செயலாக வரக்கூடியதா என்று பார்க்கும் டி சோதனையை நடத்திய விதமும் நன்று. டப்ளினில் கின்னஸ் மதுபான ஆலையில் பணியாற்றிய காசெட், சிறிய மாதிரிகளைக் கொண்டு முடிவெடுக்க வேண்டிய தேவையிலிருந்து 1908இல் 'ஸ்டூடண்ட்' என்ற புனைபெயரில் இதை வெளியிட்டார் என்று தொடங்கியதால், ஒரு வகுப்பறை அளவுள்ள மாதிரிக்கு இது ஏன் பொருந்துகிறது என்பது எளிதில் விளங்கியது. கணக்கீட்டுக்கு ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் உருவான ஜாஸ்ப் என்னும் கட்டணமில்லா மென்பொருளைப் பயன்படுத்தினோம். என் மாணவர் மதிப்பெண்களின் திட்ட விலக்கம் 6. எனவே விளைவு அளவு, அதாவது சராசரி வேறுபாட்டைத் திட்ட விலக்கத்தால் வகுத்தது, 0.4. முறைகளுக்கிடையே வேறுபாடே இல்லை என்று கொண்டால் இவ்வளவோ இதைவிடப் பெரிதோ ஆன வேறுபாடு தற்செயலாக வருவதற்கான வாய்ப்பைக் குறிக்கும் பி மதிப்பு 0.09. அது வழக்கமான 0.05 வரம்பைத் தாண்டியதால் 'முறை பயனற்றது' என்று நான் எழுதப்போனபோது பயிற்றுநர் தடுத்தார். இந்த அளவுள்ள விளைவை ஓரளவு உறுதியாகக் கண்டறியப் பிரிவுக்கு ஏறத்தாழ 100 பேர் வேண்டும் என்றும், 38 பேரைக் கொண்டு 'இல்லை' என்று தீர்ப்புச் சொல்ல இயலாது என்றும் விளக்கினார். இன்மைக் கருதுகோள் (வேறுபாடே இல்லை என்னும் கருதுகோள்) உண்மையாக இருப்பதற்கான வாய்ப்பைப் பி மதிப்பு சொல்வதில்லை என்பதையும் அன்றே தெளிந்தேன்.

குறைகளும் உள்ளன. விளைவு அளவு 0.2 சிறிது, 0.5 நடுத்தரம், 0.8 பெரிது என்னும் கோகனின் பொது அளவுகோலோடு நிறுத்திக்கொண்டனர். இரண்டாம் மொழி கற்றல் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த பிளான்ஸ்கியும் ஆஸ்வால்டும் குழுக்களுக்கிடையிலான ஒப்பீட்டுக்கு 0.4, 0.7, 1.0 என்ற வரம்புகளை 2014இலேயே முன்வைத்துள்ளனர். மொழியாசிரியர்களுக்கான வகுப்பில் இது விடுபட்டிருக்கக் கூடாது. இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. நம் பள்ளிகளில் மாணவரைக் குலுக்கல் முறையில் குழுக்களாகப் பிரிக்க முடியாது. முழுப் பிரிவையே எடுத்துக்கொள்கிறோம். ஒரே ஆசிரியரிடம் ஒரே அறையில் படிக்கும் 38 பேரின் மதிப்பெண்கள் ஒன்றையொன்று சாராதவை அல்ல. டி சோதனையோ சாராதவை என்றே கொள்கிறது. ஆகவே எனக்குக் கிடைத்த 0.09கூட உள்ள நிலையைவிட நம்பிக்கையூட்டும் எண்ணாக இருக்கலாம். இதைக் கையாளும் பல்மட்டப் பகுப்பாய்வைக் கடைசி வாரத்தில் பத்து நிமிடம் பெயரளவில் சொல்லி முடித்துவிட்டனர். ஆய்வைத் திட்டமிடும்போதே எத்தனை பிரிவுகள் வேண்டும் என்று கணக்கிடும் பாடம் முதல் வாரத்திலேயே இருந்திருக்க வேண்டும். தரவைத் திரட்டி முடித்த பின் வந்த என்னைப் போன்றவர்களுக்கு அது காலம் கடந்த அறிவாகிவிட்டது.

சேர விரும்புவோர் தரவு திரட்டுவதற்கு முன்பே சேர்வது நல்லது. கட்டணம் 4,000 ரூபாய், வகுப்பு காலை 10 மணி முதல் 1 மணி வரை. மடிக்கணினி கட்டாயம் தேவை. அதில் ஜாஸ்ப்பை வீட்டிலேயே நிறுவிக்கொண்டு செல்லுங்கள், ஏனெனில் அங்குள்ள இணைய வேகத்தில் முதல் நாள் முற்பகல் முழுவதும் அதற்கே செலவாயிற்று. மாணவர் பெயர்களை நீக்கிய மதிப்பெண் பட்டியல் ஒன்றையும் உடன் எடுத்துச் செல்லுங்கள்.