பெயின்ட் எங்கே தேய்ந்திருக்கிறது என்று பாருங்கள்

வீட்டு அலங்காரப் பொருள்களில் தட்டுக்கும் ஸ்டாண்டுக்கும் நான் தரும் இடம் பெரியது. மேசை மேல் ரிமோட், மூக்குக்கண்ணாடி, சாவிக்கொத்து, ஒரு சின்னச் செடி என்று தனித்தனியாகக் கிடந்தால் அது குப்பை போட்ட மாதிரி இருக்கும். அதே நான்கையும் ஒரு தட்டுக்குள் வைத்தால் எல்லாம் சேர்ந்து ஒரே பொருளாகத் தெரியும். விளிம்பு செய்கிற வேலை அது. பழங்காலச் சாயலில் வந்த ஒரு செட்டை வாங்கி வெகுநாளாகப் புழங்கி வருகிறேன். அதில் கைப்பிடி வைத்த நீள்சதுர மரத்தட்டு, பித்தளை நிற வட்டத்தட்டு, தகரத்தில் இரண்டடுக்கு ஸ்டாண்ட் என மூன்று உருப்படி.

மூன்றில் என் மனசுக்குப் பிடித்தது மரத்தட்டு. வெளிர் நீலப் பெயின்ட் அங்கங்கே உரிந்து மரம் தெரிகிற மாதிரி செய்திருக்கிறார்கள். தரம் தெரிவது இந்த உரிப்பு வேலையில்தான். பல வருஷம் நிஜமாகவே புழங்கிய தட்டில் பெயின்ட் எங்கே போகும்? கை பிடிக்கிற இடத்தில் போகும், நான்கு மூலைகளில் போகும், மேசையில் உரசுகிற அடிவிளிம்பில் போகும். கையும் படாத, எதுவும் உரசாத பக்கச் சட்டத்தின் நட்டநடுவில் அது ஏன் உரியப்போகிறது? மட்டமான தட்டுகளில் உப்புத்தாளை எல்லா இடத்திலும் ஒரே சீராக இழுத்துவிடுவார்கள். பார்த்தவுடனே பொய் தெரிந்துவிடும்.

இதில் அப்படி இல்லை. கைப்பிடித் துளையின் மேல்விளிம்பில், விரல்கள் மடங்கிப் பிடிக்கிற உள்பக்கத்தில், பெயின்ட் மொத்தமாகப் போயிருக்கிறது. வெளிப்பக்கத்தில் லேசாகத்தான் தேய்ந்திருக்கிறது. ஒரு மூலையில் நீலத்துக்கும் மரத்துக்கும் நடுவே மெல்லிசாகப் பச்சை எட்டிப் பார்க்கிறது, எப்போதோ பூசிய பழைய வண்ணம் போல. செய்தவர் ஒரு நிஜப் பழைய தட்டைக் கையில் எடுத்து நிதானமாகப் பார்த்திருக்கிறார் என்று நம்புகிறேன். அந்த அக்கறைக்கே காசு கொடுக்கலாம்.

சட்டங்கள் மரம், அடிப்பலகை ப்ளைவுட். மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்கிற எம்.டி.எஃப் பலகை இல்லை என்பது எனக்குப் பெரிய நிம்மதி. செடித்தொட்டி வைக்கிற தட்டில் தண்ணீர் சிந்தத்தான் செய்யும். எம்.டி.எஃப் ஈரத்தைக் குடித்து உப்பிவிட்டால் அப்புறம் பழைய நிலைக்கு வராது.

வட்டத்தட்டு விஷயத்தில் எனக்குக் கோபம் உண்டு. விற்பனைப் பக்கத்தில் ‘பித்தளை’ என்றே போட்டிருந்தார்கள். வந்ததும் அடியில் ஒரு சின்னக் காந்தத்தை வைத்தேன், கப்பென்று ஒட்டிக்கொண்டது. செம்பும் துத்தநாகமும் கலந்த பித்தளையில் காந்தம் ஒட்டாது. இது இரும்புத் தகட்டின் மேல் முலாம். ‘பித்தளை நிறம்’ என்று எழுதியிருந்தால் எனக்கு ஒரு வருத்தமும் இருந்திருக்காது. தட்டு பார்க்க நன்றாகவே இருக்கிறது. கண்ணாடிக் குடுவையையும் மெழுகுவர்த்தியையும் வைத்தால் வெளிச்சம் அடியிலிருந்து பொன்னாக எழும்புகிறது. ஆனால் பித்தளை என்று நம்பி பாலிஷ் போட்டு அழுத்தித் தேய்க்கிறவர் கதி என்ன? மெல்லிய முலாம் போய் இரும்பு தெரியும், அடுத்தது துரு. காய்ந்த மெல்லிய துணியால் துடைத்தால் போதும்.

ஸ்டாண்ட் கறுப்பு நிறத்தில், விளிம்பு நெடுகத் தங்க நிறக் கொடியோடு இருக்கிறது. இந்தக் கறுப்பு-தங்கச் சாயலுக்குப் பின்னால் நீண்ட வரலாறு உண்டு. 18ஆம் நூற்றாண்டில் வேல்ஸின் பான்டிபூலில், வெள்ளீயம் பூசிய இரும்புத் தகட்டில் வார்னிஷ் பூசிச் சூட்டில் உலர்த்தி, கிழக்காசிய அரக்கு வேலையைப் போலவே தட்டுகள் செய்தார்கள். பர்மிங்காமில் ஹென்றி க்ளே என்பவர் காகிதத் தாள்களை அடுக்கி ஒட்டிக் கெட்டிப்படுத்தும் முறைக்கு 1772இல் காப்புரிமை வாங்கினார். அந்தக் காகிதப் பலகையிலும் தட்டுகள் வந்தன. அந்தக் காலத்துப் பூவும் கொடியும் கையால் தீட்டியவை. என் ஸ்டாண்டில் இருப்பது அச்சு. விளக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தங்கக் கோடு பொடிப் பொடிப் புள்ளிகளாகக் கலைகிறது. நாலடி தள்ளி நின்றால் தெரியாது.

அதன் உண்மையான குறை நடுக்கம்பி. மேல்தட்டைத் தொட்டாலே சுற்றுகிறது. திருகை எவ்வளவு முறுக்கினாலும் கொஞ்ச நாளில் தளர்ந்துவிடுகிறது. தட்டுக்கும் திருகுக்கும் இடையே ஒரு ரப்பர் வாஷர் போட்டதும் சரியாகிவிட்டது. அதைத் தயாரித்தவர்களே போட்டிருக்க வேண்டும். கனமானதைக் கீழ்த்தட்டில் வையுங்கள், மேலே லேசானவை போதும். இரண்டு தட்டையும் நிரப்பாதீர்கள். பாதி இடம் காலியாக இருந்தால்தான் வைத்த பொருள் கண்ணில் நிற்கும்.

மரத்தட்டு தனியாகக் கிடைத்தால் அதை மட்டும் வாங்கச் சொல்வேன். செட்டாகத்தான் தருவார்கள் என்றாலும் வாங்கலாம், வட்டத்தட்டை முலாம் என்று தெரிந்தே வாங்குங்கள்.

‘பழைய சாயல் எதற்கு, பழசையே வாங்கலாமே’ என்று கேட்பவர்கள் உண்டு. பெயின்ட் அடிக்காத மரமோ பித்தளையோ என்றால் தாராளமாக வாங்கலாம், எனக்கும் அது ஆசைதான். ஆனால் உரிகிற பழைய பெயின்டில் காரீயம் என்ற நச்சு உலோகம் இருக்க வாய்ப்புண்டு. அமெரிக்காவிலேயே வீட்டுப் பெயின்டில் காரீயத்தை 1978இல்தான் தடை செய்தார்கள். கையில் கிடைத்ததை வாயில் வைக்கும் குழந்தை இருக்கிற வீட்டில், எப்போது பூசியது என்று தெரியாத உரிந்த பெயின்ட் தட்டைக் கீழ்மேசையில் வைக்க நான் ஒப்ப மாட்டேன். புதுத்தட்டானாலும், பெயின்டில் காரீயம் இல்லை என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். என் செட்டின் அட்டைப்பெட்டியில் அது இருந்தது.