"வியர்வை எம்மாத்திரம்" என்றார்கள்: இயர்பட்ஸில் போனது என் கால் மாதச் சம்பளம்

இன்று காலையில்தான் அந்தக் கடைசி மெயில் வந்தது. "உங்கள் புகார் முடித்து வைக்கப்பட்டது" என்று ஒரே ஒரு வரி. இன்னும் படபடப்பு அடங்கவில்லை. ஆனாலும் இப்போதே எழுதிவிட வேண்டும், ஆறப்போட்டால் நானே "போனால் போகட்டும்" என்று விட்டுவிடுவேன். ஓடும்போது போட்டுக்கொள்ள ஒயர்லெஸ் இயர்பட்ஸ் வாங்கப் போகிறவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டு வாங்குங்கள். எதையெல்லாம் பார்த்து வாங்க வேண்டும் என்பதையும் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

நான் வாங்கிய இயர்பட்ஸின் விலை என் மாதச் சம்பளத்தில் கால் பங்கு. ஆறு தவணையில்தான் வாங்கினேன். பாட்டுக் கேட்கும் ஒரு சாமானுக்கு இவ்வளவா என்று வீட்டில் கேட்டார்கள். அரை மராத்தானுக்குப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தேன், 21.1 கிலோமீட்டர். நீண்ட ஓட்ட நாட்களில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தனியாக ஓட வேண்டும். ஒயர் உள்ள பழைய இயர்போன் முழங்கையில் மாட்டிக்கொண்டு காதிலிருந்து பிய்த்துக்கொண்டே இருக்கும். அதனால்தான் துணிந்தேன்.

கண்ணை மூடிக்கொண்டு வாங்கவில்லை. பெரிய ஆன்லைன் விற்பனைத் தளம் ஒன்றில், ஆர்டர் போடுவதற்கு முன்னாலேயே விற்பனையாளரிடம் சாட்டில் கேட்டேன். "எனக்கு மிக அதிகமாக வியர்க்கும். ஓடி முடித்தால் டி-ஷர்ட்டைப் பிழியலாம். காது வழியாக வழிந்துகொண்டே இருக்கும். இது தாங்குமா?" இதைவிடத் தெளிவாக ஒருவர் எப்படிக் கேட்க முடியும்? இரண்டு நிமிடத்தில் பதில் வந்தது: "தாராளமா ஓடலாம் மேடம். இது ஐபிஎக்ஸ்7. தண்ணிக்குள்ள போட்டாலே ஒண்ணும் ஆகாது, வியர்வை எம்மாத்திரம்?"

அந்தக் கடைசி இரண்டு வார்த்தைதான் என்னை விழவைத்தது. பொருளைப் பற்றி நன்றாகத் தெரிந்தவர் பேசுகிறார் என்று நம்பினேன். கொட்டும் மழையில் ஒரு பெண் அதைப் போட்டுக்கொண்டு ஓடும் படம் வேறு அந்தப் பக்கத்தில் இருந்தது. அதே நிமிடத்தில் ஆர்டர் போட்டேன்.

முதல் இரண்டு வாரம் குறை இல்லை. மூன்றாவது வாரம் இடது பக்கம் விட்டுவிட்டுக் கேட்டது. வீட்டுக்குள் நடந்தால் சரியாக இருக்கும், திறந்தவெளி மைதானத்துக்குப் போனால் அறுந்து அறுந்து வரும். இதில் குற்றம் முழுக்க அந்தப் பொருளுடையது என்று நான் சொல்லவில்லை. ப்ளூடூத் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் ஓடுகிறது, நம் உடம்பில் உள்ள தண்ணீர் அந்த அலையை நன்றாக விழுங்கிவிடும். வீட்டுக்குள் சுவரிலும் கூரையிலும் பட்டு சிக்னல் திரும்பி வந்து காதைச் சேரும். வெட்டவெளியில் அப்படித் திருப்பி அனுப்ப எதுவும் இல்லை. போனை வலது இடுப்புப் பையில் வைத்துக்கொண்டு இடது காதில் கேட்க நினைத்தால், குறுக்கே நம் உடம்பே நிற்கிறது. போனை மேல்கையில் கட்டிக்கொண்டேன், கொஞ்சம் சரியானது. இதையெல்லாம் நானே தேடிப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன், விற்றவர்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

உண்மையான சிக்கல் அதற்கு அப்புறம்தான். இரவு கேஸில், அதாவது சார்ஜ் ஏற்றும் அந்தச் சின்ன டப்பாவில் வைப்பேன், காலையில் எடுத்தால் இடது பக்கம் செத்துக் கிடக்கும். உற்றுப் பார்த்தால் சார்ஜ் ஏறும் அந்தச் சின்ன உலோகப் புள்ளிகளில் பச்சையாக ஏதோ படிந்திருந்தது. வியர்வை உப்பு அரித்திருக்கிறது. அந்தப் புள்ளி சரியாகத் தொடாவிட்டால் சார்ஜ் ஏறாது. அது மட்டும் இல்லை, தான் கேஸுக்குள் வந்துவிட்டது என்பதே இயர்பட்ஸுக்குத் தெரியாமல் போகலாம். அணையாமல் ராத்திரி முழுக்க விழித்திருந்து மிச்ச சார்ஜையும் தீர்த்துவிடும். துடைத்தேன், காய வைத்தேன், பஞ்சுக் குச்சியால் சுத்தம் செய்தேன். ஒரு நாள் வேலை செய்யும், இரண்டு நாள் செய்யாது. நடுவே, வியர்வைத் துளி வழிந்தாலே விரலால் தொட்டதாக நினைத்துக்கொண்டு பாட்டு தானாக நின்றுவிடும். பதினோராவது வாரத்தில் வலது பக்கமும் போய்விட்டது. பதினோரு வாரம்! கால் மாதச் சம்பளம்!

இனி அலைக்கழிப்புக் கதை. முதலில் விற்பனைத் தளம். "திருப்பி அனுப்ப பத்து நாள்தான் மேடம், கம்பெனியைக் கேளுங்க." கம்பெனியின் கஸ்டமர் கேரில் ரீசெட் செய்யச் சொன்னார்கள். செய்தேன். அப்டேட் போடச் சொன்னார்கள். உயிரே இல்லாத பொருளுக்கு எப்படி அப்டேட் போடுவது? வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னார்கள், அனுப்பினேன். சீரியல் எண் தெரியவில்லை, மறுபடி எடுங்கள் என்றார்கள், எடுத்தேன். ஒவ்வொரு தடவையும் வேறு ஆள், ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டும். இப்படியே மூன்று வாரம்.

கடைசியில் சர்வீஸ் சென்டருக்கு நேரில் போனேன். ஒரு மணி நேரக் காத்திருப்புக்குப் பின் ஒரு தம்பி லென்ஸ் வைத்துப் பார்த்தார். அரை நிமிடம்கூட இருக்காது.

"லிக்விட் டேமேஜ் மேடம். வாரண்டியில வராது."

"வியர்வை தாங்கும்னு சொல்லித்தானேப்பா வித்தீங்க? பெட்டியிலேயே போட்டிருக்கே."

வாரண்டி அட்டையைத் திருப்பி, எறும்பு வரிசை மாதிரி இருந்த எழுத்தில் ஒரு வரியைக் காட்டினார். ஈரத்தால் வரும் பழுதுக்கு வாரண்டி கிடையாதாம். "தாங்கும்னா ஓரளவு தாங்கும் மேடம். சுத்தமா உள்ள போகாதுன்னு அர்த்தம் இல்ல." அந்தத் தம்பியிடம் கோபப்பட்டு என்ன செய்வது? மேலே சொல்லிக் கொடுத்ததை அவர் சொல்கிறார். வேண்டுமானால் ஒரு பக்கம் மட்டும் புதிதாக வாங்கிக்கொள்ளலாம் என்றார். விலை, நான் கொடுத்ததில் கிட்டத்தட்ட பாதி. எழுந்து வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் அந்த ஐபிஎக்ஸ்7 என்றால் என்ன என்று படித்தேன். ஒரு மீட்டர் ஆழ நல்ல தண்ணீரில் அரை மணி நேரம் மூழ்கவைத்துச் செய்யும் சோதனை அது. அதுவும் புதுப் பொருளை வைத்து. உப்பு வியர்வை அந்தச் சோதனையிலேயே கிடையாது. தினமும் குலுங்கிக் குலுங்கி, நனைந்து, காய்ந்து, மறுபடி நனையும் பொருளின் ஒட்டுகள் நாளாக நாளாகத் தளரும், அதையும் அந்த எண் சொல்லாது. கேஸுக்கோ அந்தப் பாதுகாப்பே இல்லை. ஈரத்தோடு உள்ளே வைத்து மூடினால் ஈரம் அங்கேயே தங்கி அரிக்கிறது. தண்ணீரில் போட்டாலே ஒன்றும் ஆகாது, வியர்வை எம்மாத்திரம் என்றார்களே, உப்புள்ள வியர்வைதானே நல்ல தண்ணீரைவிட மோசமாக அரிக்கும்? நான் கேட்டதே அதைப் பற்றித்தானே?

அந்தச் சாட்டை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்திருந்தேன். விற்பனைத் தளத்துக்கு அனுப்பினேன். "விற்பனையாளரின் கருத்துக்குத் தளம் பொறுப்பல்ல" என்றார்கள். விற்பனையாளரோ என் செய்தியைப் பார்த்துவிட்டுப் பதிலே போடவில்லை. மறுபடி புகார் கொடுத்தேன். அதற்கு வந்ததுதான் இன்று காலை மெயில். பணம் போனது ஒரு பக்கம். வாங்கும் முன்னே நேராகக் கேட்டும் பொய் சொன்னார்களே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

விரிவாகச் சொல்கிறேன் என்று ஆரம்பத்தில் எழுதினேன். இப்போது அதற்குத் தெம்பு இல்லை. வாங்கும் முன் வாரண்டி அட்டையில் ஈரம் பற்றி என்ன போட்டிருக்கிறது என்று படியுங்கள், பெட்டியின் முன்பக்கத்தை நம்பாதீர்கள். ஓடி முடித்ததும் துடைத்து, நன்றாகக் காயவைத்த பிறகே கேஸில் வையுங்கள். திருப்பி அனுப்பும் நாட்கள் முடிவதற்குள் வெளியே எடுத்துப்போய், நன்றாக வியர்க்க வியர்க்க இரண்டு மூன்று தடவை நீண்ட ஓட்டம் ஓடிவிடுங்கள், வீட்டில் உட்கார்ந்து பாட்டுக் கேட்டுச் சோதிக்காதீர்கள். சாட்டில் சொல்வதையெல்லாம் ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள், எனக்கு உதவவில்லை என்றாலும் எடுங்கள். தவணையில் வாங்கவே வாங்காதீர்கள்.

என் கால் மாதச் சம்பளத்தில் இன்னும் இரண்டு தவணை பாக்கி. அடுத்தது இந்த வெள்ளிக்கிழமை கணக்கிலிருந்து போகும். இதே மாதிரி "லிக்விட் டேமேஜ்" என்று திருப்பி அனுப்பப்பட்டு, விடாமல் போராடிப் பணத்தைத் திரும்ப வாங்கியவர்கள் யாராவது இருந்தால், எப்படி என்று எனக்கு எழுதுங்கள்.