ஐஸ் ஏஜ் மிருகங்கள் பொம்மை செட் – பொம்மைக்கு 5 ஸ்டார், பேர் அட்டைக்கு 2 ஸ்டார்

பையனுக்காக ஆன்லைன்ல வாங்குனேன். மம்மூத், சேபர் டூத் டைகர், ஐரிஷ் எல்க் (பெரிய கொம்பு வச்ச மான்), டயர் வுல்ஃப் (ஓநாய் மாதிரி மிருகம்), குகைக் கரடி எல்லாம் இருக்கு, ஒவ்வொண்ணுக்கும் ஒரு பேர் அட்டையும் குடுத்திருக்காங்க.

பொம்மை நிஜமாவே நல்லாருக்கு. மம்மூத் முடிய ஒவ்வொரு கோடா செதுக்கி, அந்த கோட்டுக்குள்ள பழுப்பு பெயிண்ட் இறங்கி நிக்குது, பிளாஸ்டிக் நாத்தம் சுத்தமா இல்ல. எல்க் கொம்பு மட்டும் டப்பாக்குள்ள அமுங்கி வளைஞ்சு வந்துச்சு, சுடுதண்ணில கொஞ்ச நேரம் முக்கி நேரா புடிச்சு உடனே பச்சத்தண்ணில காட்டுனா சரியாயிடுது.

அட்டை தான் பிரச்சனை. கூப்பிடுற பேரு மட்டும் போட்டிருக்காங்க, சயின்டிஃபிக் பேரு எங்கயுமே இல்ல. சேபர் டூத் டைகர்னு படிச்சுட்டு எங்க பையன் அத வீட்ல இருக்குற புலி பொம்மை பக்கத்துல வச்சு "இது புலியோட தாத்தா"ன்னு சொல்றான், அவன் மேல என்ன தப்பு, அட்டை அப்படித்தான சொல்லுது. ஆனா அது ஸ்மைலோடான், பூனைக் குடும்பம் தான், ஆனா புலியோட வம்சமே இல்ல, அந்த கிளை பிரிஞ்சே சுமார் 2 கோடி வருஷம் ஆச்சு. ஐரிஷ் எல்க் கதையும் அதேதான். அயர்லாந்து சதுப்பு நிலத்துல எலும்பு நிறைய கிடைச்சதால அந்த பேரு வந்துச்சு, ஆனா அது சைபீரியா வரைக்கும் சுத்துன மிருகம், எல்க்னு சொல்ற மான் வகையும் கிடையாது, ஃபேலோ மானுக்குத்தான் நெருங்குன சொந்தம். மெகாலோசெரஸ்னு ஒரு வரி போட்டிருந்தா போதும். கொம்பு இந்த முனைல இருந்து அந்த முனைக்கு 12 அடி வரைக்கும் இருந்திருக்கு, அதையாச்சும் போட்டிருக்கலாம்.

சயின்டிஃபிக் பேரும் மாறத்தான செய்யுதுன்னு கேப்பீங்க. மாறும், ஆனா காரணத்தோட மாறும். டயர் வுல்ஃப் ரொம்ப காலமா கேனிஸ் டைரஸ், அதாவது ஓநாய் வகையிலயே வச்சிருந்தாங்க. 2021ல டிஎன்ஏ பாத்துட்டு இது இப்ப இருக்குற ஓநாய் கூட்டத்துல இருந்து சுமார் 57 லட்சம் வருஷம் முன்னாடியே பிரிஞ்சதுன்னு சொல்லி ஈனோசையான் டைரஸ்னு ஆக்குனாங்க. அட்டைல இன்னமும் வுல்ஃப் தான், அத படிச்சா இந்த விஷயம் எதுவுமே தெரிய வராது.

"குழந்தைங்க வாய்ல நுழையாது"ன்னு மத்த ரிவ்யூல எழுதியிருக்காங்க, அத நான் ஒத்துக்க மாட்டேன். டைரனோசரஸ், ட்ரைசெராடாப்ஸ், ஸ்டெகோசரஸ் எல்லாம் சயின்டிஃபிக் பேரு தான், நாலு வயசு புள்ளைங்க சரளமா சொல்லுதுங்க. டைனோசருக்கு ஊர்ப்பேரு இல்லாததால நேரா அதையே கத்துக்கிட்டாங்க. மம்மூத், குகைக் கரடி மாதிரி பேரெல்லாம் பொருத்தமாத்தான் இருக்கு, அத எடுக்கவே வேணாம், கீழ சின்ன எழுத்துல மம்முதஸ் ப்ரைமிஜீனியஸ், உர்சஸ் ஸ்பெலேயஸ்னு போட்டா போதும், இடம் தாராளமா இருக்கு.

இப்போதைக்கு அட்டை பின்னாடி மார்க்கர்ல நானே எழுதி வச்சிட்டேன், பளபள அட்டைங்கறதால சாதா பேனா ஒட்டாது, பெர்மனன்ட் மார்க்கர் வேணும். பையன் இப்ப ஸ்மைலோடான்னு தான் கேக்குறான்.

பொம்மைக்காக தாராளமா வாங்கலாம். கொம்பு நுனி கொஞ்சம் கூர்மையா இருக்கு, ரொம்ப சின்ன குழந்தை இருக்குற வீட்ல மட்டும் பாத்துக்கோங்க.