பெக்கிச்சை எதிலிருந்து தொடங்குவது?

செர்பிய நாவலாசிரியர், திரைக்கதையாசிரியர் போரிஸ்லாவ் பெக்கிச் (1930–1992) மாணவராக இருந்தபோதே அரசியல் கைதியாகி, 1953இல் மன்னிப்பில் வெளிவந்தவர்.

முதல் நாவலான ‘அற்புதங்களின் காலம்’ (1965) பைபிளின் நற்செய்தி நூல்களில் இயேசு செய்யும் அற்புதங்களைக் குணமடைந்தவர்களின் பக்கமிருந்து பார்க்கிறது. தொழுநோய் நீங்கிய பெண்ணை நோயாளிகளும் ஏற்பதில்லை, நலமானவர்களும் ஏற்பதில்லை. நெஞ்சை அறுக்கும் இடம் அது. ஆனால் பைபிள் பரிச்சயம் வேண்டும்.

‘அர்சேனியே நியெகோவானின் யாத்திரை’ (1970) வேறு மாதிரி. பெல்கிரேடின் வீட்டுச் சொந்தக்காரர் ஒருவர், தம் வீடுகளுக்குப் பெண் பெயர் வைத்து நேசிப்பவர், 1941 மார்ச் கலவரத்தில் உள்ளே ஒடுங்கி 1968இல்தான் தெருவில் இறங்குகிறார். இடையில் உலகமே மாறிவிட்டது, அவருக்குத் தெரியாது! ‘நின்’ (NIN) என்ற செர்பிய இலக்கிய விருது பெற்ற இதையே முதலில் எடுங்கள்.