போட்டிச் சுடுதலுக்கு பெல்ட் வாங்கப் போகிறீர்களா? நான் ஏமாந்த கதையைப் படித்துவிட்டு வாங்குங்கள்

டெக்சாஸில் டாலஸ் பக்கம் இருக்கிறேன், மூன்று வருடமாக யுஎஸ்பிஎஸ்ஏ (அமெரிக்கக் கைத்துப்பாக்கிப் போட்டி அமைப்பு) போட்டிகளில் கேரி ஆப்டிக்ஸ் பிரிவில், அதாவது ஆப்டிக் சைட் வைத்த துப்பாக்கிகளுக்கான பிரிவில், சுடுகிறேன். நம் ஆட்களும் இப்போது ஒன்றிரண்டு பேர் இந்த விளையாட்டுக்கு வர ஆரம்பித்திருக்கிறார்கள். வருகிற எல்லோரும் எந்தத் துப்பாக்கி வாங்கலாம் என்றுதான் கேட்கிறார்கள், பெல்ட்டைப் பற்றி ஒருவரும் கேட்டதில்லை. போன ஜூலையில் எனக்கு நடந்ததை அதனால்தான் எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்கு: இதில் இரண்டு பெல்ட். உள் பெல்ட்டை பேண்ட் வளையங்களுக்குள் விட்டுக் கட்டிக்கொள்ள வேண்டும், அதன் மேல் முழுக்க வெல்க்ரோ. வெளிப் பெல்ட்டில்தான் ஹோல்ஸ்டர் (துப்பாக்கி உறை), மேகசின் (தோட்டாப் பெட்டி) வைக்கும் பவுச் எல்லாம் மாட்டியிருக்கும், அதை அப்படியே உள் பெல்ட்டின் மேல் சுற்றி அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும். சுமை கொஞ்சநஞ்சம் இல்லை. என்னுடைய சிஇசட் ஷேடோ 2 துப்பாக்கி வெறுமனே 1,330 கிராம். 23 தோட்டா போட்ட நீள மேகசின் ஒன்று கிட்டத்தட்ட 400 கிராம், பவுச்சில் அப்படி நாலு. ஆக மூன்று கிலோ ஒன்றரை அங்குலப் பட்டையில் தொங்குகிறது, அதோடு ஓடுகிறோம், குனிகிறோம், ஒரு நொடிக்குள் துப்பாக்கியை உருவுகிறோம். பட்டை வளைந்து கொடுத்தால் ஒவ்வொரு தடவையும் பிடி வேறு இடத்தில் இருக்கும், கை தேடும்.

உடம்பு குறைந்ததில் என் பழைய பெல்ட் பெரிதாகிவிட்டது, புதிது தேடினேன். இணையக் கடை ஒன்றில் உள்ளும் வெளியும் சேர்த்து 89 டாலர். இரட்டை அடுக்கு நைலான், நடுவில் பாலிமர் தகடு, போட்டிக்கென்றே செய்தது என்று போட்டிருந்தார்கள். பேண்ட் சைஸ் 34, எதை எடுக்கட்டும் என்று கடையின் சாட்டில் கேட்டேன். அதே 34 எடுங்கள் என்று பதில் வந்தது. அது முதல் தப்பு. பேண்டில் 34 என்று போட்டிருந்தாலும் டேப் வைத்து அளந்தால் 36 வரும், உள் பெல்ட் கட்டிய பிறகு இன்னும் கொஞ்சம் கூடும். வந்த வெளிப் பெல்ட்டின் இரு முனையும் ஒன்றின்மேல் ஒன்று இரண்டு விரல் அகலம்கூட ஏறவில்லை. அன்றைக்கே திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். போட்டி நெருங்கிவிட்டதே என்று வைத்துக்கொண்டேன்.

கையில் எடுத்தபோது விறைப்பாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். வீட்டில் தோட்டா இல்லாமல் இரண்டு வாரம் பயிற்சி செய்தேன், ஒன்றும் தெரியவில்லை. ஆனால் அப்போது பவுச்சில் காலி மேகசின்கள். இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

போட்டியன்று மூன்றாவது ஸ்டேஜ் (போட்டியின் ஒரு சுற்று), வெயில் நூறு டிகிரிக்கு மேல். "மேக் ரெடி" (தயாராகு) சொன்னார்கள், லோட் செய்து ஹோல்ஸ்டரில் வைத்தேன், கை இரண்டும் பக்கவாட்டில். பஸர் அடித்தது, பிடித்து இழுத்தேன். துப்பாக்கி தனியாக வரவில்லை, ஹோல்ஸ்டரும் சேர்ந்து மேலே வந்தது. வெல்க்ரோ கிழிகிற அந்தச் சர்ரென்ற சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. வலது இடுப்பில் வெளிப் பெல்ட் ஒரு சாண் நீளத்துக்கு உரிந்து வெளியே சாய்ந்து தொங்குகிறது, துப்பாக்கி இன்னும் ஹோல்ஸ்டருக்குள், லோட் செய்தபடி. கையை எடுத்துவிட்டு அசையாமல் நின்றேன். ரேஞ்ச் ஆபீசர் (சுடுதளத்தில் பாதுகாப்பைக் கவனிப்பவர்) "ஸ்டாப்" சொல்லிப் பக்கத்தில் வந்தார், அவர் சொல்லச் சொல்ல மெதுவாக எடுத்துக் காலி செய்து காட்டினேன். அந்த ஸ்டேஜுக்குப் பூஜ்யம்.

பூஜ்யம் பரவாயில்லை. துப்பாக்கி கீழே விழுந்திருந்தால் போட்டியிலிருந்தே வெளியேற்றம், அதைவிட, பின்னால் என் அணியில் பத்துப் பேர் நின்றிருந்தார்கள். புதியவர்களுக்கு இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்: ஸ்டேஜுக்கு வெளியே காலித் துப்பாக்கி கைதவறி விழுந்தால்கூட நீங்களாக எடுக்காதீர்கள். விழுந்ததற்கு அங்கே தண்டனை இல்லை, நீங்களே எடுத்தால்தான் வெளியேற்றுவார்கள். ரேஞ்ச் ஆபீசரைக் கூப்பிடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் நாலு படத்தோடு கடைக்கு மெயில் போட்டேன். மூன்று நாள் கழித்து வீடியோ கேட்டார்கள், அனுப்பினேன். பயன்படுத்திய பொருள், சாதாரணத் தேய்மானம் என்றார்கள். மூன்று வாரத்தில் என்ன தேய்மானம்? அப்புறம் அடுத்த பர்ச்சேஸுக்கு 15 சதவீதத் தள்ளுபடி தருகிறோம் என்றார்கள். மறுத்ததும், தபால் செலவு உங்களுடையது, விலையில் கால்வாசி பிடித்துக்கொண்டு மீதியைத் தருவோம் என்றார்கள். படத்தோடு விமர்சனம் எழுதினேன், அது பக்கத்தில் வரவேயில்லை. எனக்கு ரொம்பக் கோபம் வந்தது வேறொன்றில். மறுபடி அந்தப் பக்கத்தைத் திறந்தபோது "பாலிமர் தகடு" என்ற வரியே காணோம்.

நல்லவேளை, ஆர்டர் உறுதி மெயிலில் பழைய விவரம் அப்படியே இருந்தது. அதையும் படங்களையும் வைத்து, சொன்ன பொருள் வரவில்லை என்று கார்டு நிறுவனத்தில் புகார் கொடுத்தேன். ஐந்து வாரத்தில் முழுப் பணமும் திரும்பி வந்தது. ஆகவே அந்த மெயிலை அழிக்காதீர்கள், வாங்கும்போதே பக்கத்தையும் படம் எடுத்து வையுங்கள்.

பணம் வந்த பிறகு பெல்ட்டை வெட்டிப் பார்த்தேன். இரண்டு நைலான் பட்டைக்கு நடுவில் விசிட்டிங் கார்டு கனத்துக்கு ஒரு ஃபோம் துண்டு. ஹோல்ஸ்டர் உட்காரும் இடத்தில் அது இரண்டாக முறிந்து கிடந்தது. விளிம்பில் மட்டும் வரிசையாகத் தையல், நடுவில் வெல்க்ரோவைப் பசை வைத்து ஒட்டியிருக்கிறார்கள். காரின் பின்பெட்டிச் சூட்டில் அந்தப் பசை இளகியிருந்தது, விரலால் இழுத்தாலே நூல் நூலாக வந்தது.

சரி, எப்படிப் பார்த்து வாங்குவது? ஒரு முனையைப் பிடித்து, தட்டையாகப் படுக்க வைத்த மாதிரி அல்ல, விளிம்பு மேலே இருக்கும்படி நீட்டிப் பாருங்கள், நல்ல பெல்ட் தொங்காது. பிறகு துணி பிழிவது போல் முறுக்குங்கள், எளிதாக முறுக்க முடிந்தால் வேண்டாம். வெல்க்ரோ முழு அகலத்துக்கும் இருக்கிறதா, நடுவிலும் தையல் ஓடுகிறதா என்று பாருங்கள். உள், வெளி இரண்டையும் வெவ்வேறு இடத்தில் வாங்கினால் ஒன்றில் முரட்டு முகம், மற்றதில் மெத்தென்ற முகம் என்று பொருந்த வேண்டும். உங்கள் ஹோல்ஸ்டரைப் பெல்ட்டில் மாட்டும் ஹேங்கரின் துளை ஒன்றரை அங்குலத்துக்கா, கூடுதலுக்கா என்பதையும் அளந்துவிடுங்கள், தளர்ந்தால் அங்கேயும் ஆடும். இடுப்பளவை உள் பெல்ட் கட்டிக்கொண்டு, அதன் மேல் டேப் சுற்றி எடுங்கள். வந்ததும், திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள், காலித் துப்பாக்கியோடு, மேகசின்களில் தோட்டாவுக்குப் பதில் அதே எடைக்கு ஏதாவது போட்டு, நூறு தடவையாவது உருவிப் பாருங்கள். உண்மைத் தோட்டா அந்த அறையிலேயே இருக்கக்கூடாது.

எங்கள் போட்டிகளில் அதிகம் கண்ணில் படுவது டபுள் ஆல்ஃபா, சிஆர் ஸ்பீடு என்ற இரண்டு பிராண்ட் பெல்ட்டுகள்தான். நான் இந்த முறை ரேஞ்ச் கடையிலேயே கையில் வாங்கி முறுக்கிப் பார்த்து எடுத்தேன், அந்த 89 டாலர் பெல்ட்டைவிட இருபது டாலர்தான் கூட. இத்தனை போட்டி ஆகியும் ஹோல்ஸ்டர் வைத்த இடத்திலேயே இருக்கிறது.

வெட்டிய துண்டு என் ரேஞ்ச் பையில் இருக்கிறது. இந்தப் பக்கம் போட்டிக்கு வருகிறவர்கள் கேளுங்கள், காட்டுகிறேன்.