மூன்று பழைய பாணிப் பிக்கப்களும் மட்டக்களப்பு மேடைகளும்

மட்டக்களப்பில் கிற்றார் வாசிப்பவர் ஒரே பாணியில் நின்றுவிட முடியாது. சனிக்கிழமை இரவு பறங்கியர் வீட்டுத் திருமணத்தில் கப்ரிஞ்ஞா, பைலா என்ற ஆட்ட இசைகள், மறுநாள் காலை தேவாலயத்தில் மெதுவான வழிபாட்டுப் பாடல்கள், அந்த வாரமே கல்முனைப் பக்கத்துக் கோயில் திருவிழாவில் எழுபதுகளின் திரைப்பாடல்கள் என்று ஒரே கை மூன்று விதமாக உழைக்க வேண்டியிருக்கிறது. ஆகையால், 1940களிலும் 1950களிலும் உருவான வடிவங்களைப் பின்பற்றிச் செய்யப்படும் பிக்கப்களில், அதாவது தந்தியின் அதிர்வை மின்சைகையாக்கி அம்ப்புக்கு அனுப்பும் கருவிகளில், எது எந்தக் கைக்குப் பொருந்தும் என்ற கேள்வி எனக்கு வெறும் பொழுதுபோக்காக இருக்கவில்லை. கடந்த ஒன்றரை ஆண்டில் செய்மோர் டங்கன் நிறுவனத்தின் மூன்று வகைகளை என்னிடமுள்ள இரண்டு கிற்றார்களில் மாற்றி மாற்றிப் பொருத்தி வாசித்துப் பார்த்தேன்.

முதலாவது, ஸ்ட்ராடோகாஸ்டர் வடிவக் கிற்றாருக்கான எஸ்.எஸ்.எல்.-1. ஃபென்டர் நிறுவனம் 1954இல் ஸ்ட்ராடோகாஸ்டரை வெளியிட்டபோது அதில் இருந்த ஒற்றைச் சுருள் அமைப்பே இதன் மூலம். அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த அல்னிக்கோ என்ற உலோகக் கலவையாலான ஆறு காந்தத் தண்டுகளைச் சுற்றி மிக மெல்லிய செப்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்றுகளாகச் சுற்றப்பட்டிருக்கும். சுற்றுகள் ஒப்பளவில் குறைவாக இருப்பதால் தந்தியின் மேல்தொனிகள் மங்காமல் வெளிவருகின்றன. ஆறுக்கு எட்டுத் தாளத்தில் வலக்கை ஓயாமல் மேலும் கீழும் ஓடும் பைலாவுக்கு இதைவிடப் பொருத்தமான பிக்கப்பை நான் கேட்டதில்லை. கீபோர்டின் பேஸும் றபான் என்ற கைப்பறையின் அடியும் கீழ்ப்பகுதியை நிரப்பிவிடும் மேடையில், கிற்றார் தன் இடத்தைத் தேடிச் சத்தத்தைக் கூட்ட வேண்டியதில்லை. தந்தியில் விரல் பட்ட கணத்திலேயே ஒவ்வொரு வெட்டும் தனித்துக் கேட்கிறது.

இந்த வடிவத்தோடு கூடப் பிறந்த ஒரு சிக்கலும் உண்டு. காந்தத் தண்டுகளின் உயரம் ஒன்றுக்கொன்று வேறுபடும். மூன்றாவது தந்தி கம்பி சுற்றப்பட்டதாக இருந்த காலத்துக்கு அமைந்த உயரம் அது. இன்று நாம் போடும் சுற்றில்லாத மூன்றாம் தந்தி அதனால் மற்றவற்றைவிடச் சற்று முந்திக்கொண்டு ஒலிக்கும். தாள வாசிப்பில் இது மறைந்துவிடுகிறது. தேவாலயத்தில் சுருதிகளை ஒவ்வொன்றாகப் பிரித்து மெதுவாக வாசிக்கும்போதுதான் உறுத்துகிறது. பிக்கப்பின் உயரத்தை இறக்கி ஓரளவு சமப்படுத்தலாம். எப்படியும் இறக்கத்தான் வேண்டும், ஏனெனில் தண்டுகள் தந்திக்கு மிக அருகில் இருந்தால் காந்த ஈர்ப்பே தந்தியின் அதிர்வைக் குலைத்து, மேல் ஃப்ரெட்களில் சுருதி பிசகியதுபோல் கேட்கச் செய்யும்.

இரைச்சலைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். ஒற்றைச் சுருள் என்பது தந்தியின் அதிர்வை மட்டுமல்லாமல் சுற்றியுள்ள மின்காந்தப் புலத்தையும் பிடித்துத் தரும் ஓர் அன்டெனா. நமது மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால் அந்த முனகலும் அதன் மடங்குகளும் அம்ப்பில் ஏறிவிடுகின்றன. திருவிழாப் பந்தலில் நூற்றுக்கணக்கான அலங்கார விளக்குகள், பக்கத்தில் ஜெனரேட்டர், ஏர்த் இருக்கிறதா என்று யாரும் பார்த்திராத ஒரு நீட்டிப்பு வயர்: இந்த மூன்றும் சேர்ந்தால், மீன்பாடும் தேன்நாடு எனப்படும் மட்டக்களப்பில் மீனுக்கு முன்னால் கிற்றார் பாடத் தொடங்கிவிடும். உடலைத் திருப்பி நின்றால் இரைச்சல் குறையும் ஒரு கோணம் கிடைக்கும். ஆனால் சனத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எத்தனை பாடல்கள் வாசிப்பது? மூன்று பிக்கப்களில் நடுவிலுள்ளதை எதிர்ச்சுற்று, எதிர்த்துருவ வகையாகக் கேட்டு வாங்கினால், அது பக்கத்துப் பிக்கப்போடு சேர்ந்து ஒலிக்கும் ஐந்து நிலைச் சுவிட்சின் இரண்டாம், நான்காம் நிலைகளில் இரைச்சல் பெருமளவு அடங்குகிறது.

இரைச்சலுக்கு முழுமையான மருந்து இரட்டைச் சுருள்தான். கிப்சன் நிறுவனத்தின் பொறியாளர் சேத் லவர், எதிரெதிராகச் சுற்றிய இரண்டு சுருள்களை எதிர்த்துருவக் காந்தமுனைகளோடு இணைத்தால் தந்தியின் ஒலி கூடுவதோடு வெளியிரைச்சல் ஒன்றையொன்று அழித்துவிடும் என்ற அமைப்புக்கு 1955இல் காப்புரிமை கோரினார். அது 1959இல் கிடைத்தது. இடைக்காலத்தில் அடியில் ஒட்டப்பட்ட ‘காப்புரிமை கோரப்பட்டுள்ளது’ என்ற சிட்டையின் ஆங்கில முதலெழுத்துகளால்தான் அவை பி.ஏ.எஃப். எனப் பெயர் பெற்றன. நான் வாங்கிய எஸ்.எச்.-1, அதாவது ‘59’ மாதிரி, அந்த வழியில் வருவது.

இரட்டைச் சுருள் என்றவுடன் நம் இளைஞர்கள் கடும் டிஸ்டோர்ஷனை எதிர்பார்க்கிறார்கள். இந்த மாதிரி அதற்கு உரியதல்ல. மெட்டல் வாசிப்பவர் இதனிடம் ஏமாற்றமே அடைவார். அவருக்கு 1970கள் முதல் வந்த அதிக வெளியீட்டுப் பிக்கப்களே தேவை. இதன் அழகு வேறிடத்தில் இருக்கிறது. அம்ப்பைச் சற்றே உடையும் எல்லையில் வைத்து, கிற்றாரின் வொலியூமை ஆறுக்கு இறக்கினால் தெளிவான ஒலி வருகிறது. பத்துக்கு ஏற்றினால் தனி வாசிப்புக்கு வேண்டிய நீண்ட கார்வை வருகிறது. திரைப்பாடல்களில் வயலின் கூட்டத்தின் இடத்தைக் கிற்றாரால் நிரப்ப வேண்டிய நமது சிறு இசைக்குழுக்களுக்கு அந்தக் கார்வை பெரிய உதவி. ஆனால் பைலாவின் வெட்டு இதில் மழுங்குகிறது. பாட்டு ஓடுகிறது, ஆனால் கால் எழும்புவதில்லை.

மூன்றாவதான ஃபாட் கேட் என் மனத்துக்கு மிக நெருக்கமானது என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன். கிப்சன் 1946இல் கொண்டுவந்த பி-90 என்ற அகன்ற ஒற்றைச் சுருளின் ஒலியை, இரட்டைச் சுருளுக்கான குழியிலேயே பொருந்தும் அளவில் தருவதால், மரத்தை வெட்ட வேண்டியதில்லை. அல்னிக்கோ 2 காந்தம் என்பதால் தொடக்க அடி சற்று மென்மையாக இருக்கிறது. பிளெக்றம் இல்லாமல் பெருவிரலால் வாசிக்கும்போது தசையும் நகமும் தனித்தனியே கேட்பதை இதில் மட்டுமே உணர்ந்தேன். தந்தியை வளைத்துக் கமகம் போன்ற அசைவுகளைக் கொடுத்துப் பாடலின் மெட்டை அப்படியே வாசிக்கும் கைக்கு இது உரியது. புளூஸ் வாசிப்பவருக்குச் சொல்லவே தேவையில்லை. ஒற்றைச் சுருள் என்பதால் முனகல் இதிலும் உண்டு.

கடலுக்கும் வாவிக்கும் இடையே கல்லடியில் வசிப்பவன் என்ற முறையில் ஒரு கவனிப்பைச் சேர்க்கிறேன். அல்னிக்கோவில் இரும்பும் உண்டு. உப்புக்காற்றுப் படும் திறந்த தண்டுகளில் துரு பிடிக்கும். பழைய ஃபென்டர் முறையில் கம்பி தண்டுகளின் மீதே சுற்றப்படுவதால், துரு உள்ளே இறங்கினால் 0.06 மில்லிமீற்றர் அளவே தடித்த அந்தக் கம்பி அரிபட்டு அறுந்துவிடக்கூடும். உலோக மூடியிட்ட பிக்கப் இந்த வகையில் பாதுகாப்பானது. மூடியில்லாததை வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் துடைத்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொதியோடு பெட்டிக்குள் வைப்பதை நான் வழக்கமாக்கிக்கொண்டேன்.

பொருத்தும் வேலையில் நான் பட்ட பாட்டையும் சொல்ல வேண்டும். முதல் முறை ஒரு மின்சாதனத் திருத்தகத்தில் கொடுத்தபோது, இரட்டைச் சுருள் இருந்த கிற்றாரில் 250 கிலோ ஓம் கொன்ட்ரோலைப் போட்டுவிட்டார்கள். ஒலி போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது. பிக்கப்பைத்தான் நான் முதலில் குறை கூறினேன். ஒற்றைச் சுருளுக்கு 250, இரட்டைச் சுருளுக்கு 500 என்பது பொது வழக்கம். அதை மாற்றியதும் அதே பிக்கப் கண் விழித்தது.

இப்போது இரட்டைக் குழியுள்ள கிற்றாரில் கழுத்துப் பக்கம் ஃபாட் கேட்டும் பிரிட்ஜ் பக்கம் ‘59’உம் இருக்கின்றன. இரண்டும் சேர்ந்து ஒலிக்கும் நிலையில் ஒலி மெலிந்து மூக்கால் பேசுவதுபோல் கேட்டால், இரண்டின் அலைக் கட்டமும் (phase) ஒன்றுக்கொன்று எதிராக இருக்கிறது என்று பொருள். நல்லவேளையாக எனக்கு அது பொருந்திவிட்டது. திருவிழாவில் பிரிட்ஜ் பக்கமும் தேவாலயத்தில் கழுத்துப் பக்கமுமாக அந்த ஒரு கிற்றாரே போதுமானதாக இருக்கிறது. எஸ்.எஸ்.எல்.-1 இருக்கும் கிற்றாரைப் பறங்கியர் திருமணங்களுக்கு மட்டும் எடுத்துச் செல்கிறேன்.