சோடாவா, வினிகரா, புளியா? கருகிய டிரேக்கு எது கைகொடுக்கும்

பினாங்கில் தீபாவளி நெருங்கினால் ஓவனுக்கு ஓய்வில்லை. நெய் பிஸ்கட், நான்கட்டாய், பைனாப்பிள் டார்ட், கடைசியில் சுஜி கேக். பலகாரம் டப்பாவுக்குள் போய்விடும். டிரே மட்டும் சிங்க்கில் கிடக்கும். மூலையில் பைனாப்பிள் ஜாம் வழிந்து கருகிய திட்டு, ஓரமெல்லாம் பழுப்பு நிறத்தில் நெய்ப்பிசுக்கு, அடியில் எப்போது வந்தது என்றே தெரியாத கறுப்பு. அந்த நேரம் பார்த்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ வரும். சோடா மாவைத் தூவி வினிகரை ஊற்றுவார்கள், பொங்கிப் பொங்கி நுரைக்கும், ஒரு துடை துடைத்தால் டிரே பளபளக்கும்.

நுரை வருவது உண்மை. அந்த நுரைதான் கறையை எடுக்கிறது என்பதில்தான் எனக்குத் தகராறு. தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இரண்டையும் ஒன்றாக ஊற்றினால் இரண்டும் வீண். சோடாவுக்கு ஒரு வேலை, புளிப்புக்கு வேறு வேலை. எதற்கு எது என்று தெரிய வேண்டுமானால், டிரேயில் ஒட்டியிருப்பது என்ன, டிரே எதனால் ஆனது என்று முதலில் பார்க்க வேண்டும்.

ஒட்டியிருப்பது பெரும்பாலும் மூன்று வகை. ஜாமும் சீனிப்பாகும் வழிந்து கருகியது ஒன்று. சீனி எவ்வளவு பழுப்பாகிப் பாறையாக இறுகினாலும், முழுக்கக் கரியாகாதவரை சுடுதண்ணீரில் ஊறிக் கரைந்துவிடும். இதற்குச் சோடாவும் வேண்டாம், வினிகரும் வேண்டாம். ஜெலுத்தோங்கில் ஆர்டர் எடுத்துப் பலகாரம் செய்யும் ஓர் அக்கா சொல்வார்: "சுடுதண்ணி ஊத்தி வெச்சிட்டு நாடகம் பாத்துட்டு வாமா. தேய்க்கிறதுக்கு ஏன் அவ்ளோ அவசரம்?" அதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை.

இரண்டாவது வகைதான் உண்மையான எதிரி: ஓரத்துப் பழுப்புப் பிசுக்கு. நெய்யும் எண்ணெயும் மெல்லிய படலமாகப் படர்ந்து, சூட்டிலும் காற்றிலும் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, கதவுக்கு அடித்த வார்னிஷ் மாதிரி இறுகிவிடும். புது எண்ணெயைக் கழுவும் பாத்திரச் சோப்பு இதனிடம் தோற்றுப்போகும். மூன்றாவது, சுத்தக் கரி. கரியை எந்தப் புளிப்பும் கரைக்காது, எந்தச் சோடாவும் கரைக்காது. அதன் அடியில் இருக்கும் பிடிமானத்தைத் தளர்த்தலாம், அவ்வளவுதான். பிறகு சுரண்டித்தான் எடுக்க வேண்டும்.

சோடாவும் வினிகரும் நேருக்கு நேர்

கடையில் எடுக்கும்போது பாக்கெட்டைப் பாருங்கள். 'சோடா பிகார்போனாட்' என்று போட்டிருக்க வேண்டும். 'செர்புக் பெனாய்க்' என்றிருந்தால் அது பேக்கிங் பவுடர்; அதில் புளிப்பும் மாவும் ஏற்கனவே கலந்திருப்பதால் டிரே கழுவ உதவாது.

சோடா மாவு மிதமான காரம். தண்ணீரில் கரைத்தால், காரத்தின் பலத்தைக் காட்டும் பிஎச் அளவு 8.3 வரும். காரம் என்ன செய்யும்? இறுகிய எண்ணெய்ப் படலத்தை மெல்ல உடைத்து ஒரு பகுதியைச் சோப்பாக மாற்றும். மெல்ல என்பதை அழுத்திச் சொல்கிறேன். மூன்று பங்கு சோடாவுக்கு ஒரு பங்கு தண்ணீர் விட்டுக் குழைத்து, பிசுக்கின் மேல் தடிமனாக அப்பி, ஓர் இரவு விட வேண்டும். பலர் இங்கேதான் கோட்டைவிடுகிறார்கள். தலைக்கு மேல் காற்றாடி சுற்றும் நம் வீட்டுச் சமையலறையில் அந்தக் குழம்பு அரை மணியில் காய்ந்துவிடும். காய்ந்த சோடா வெறும் பொடி, அதற்குப் பிசுக்கைத் தொடும் சக்தி கிடையாது. மேலே ஈரத்துணியோ பிளாஸ்டிக் தாளோ போட்டு மூடி வையுங்கள்.

சோடாவுக்கு இன்னொரு நல்ல குணம், அது மிருதுவானது. தேய்க்கும்போது சொரசொரப்பாகத் தெரிந்தாலும் எவர்சில்வரையும் கண்ணாடியையும் கீறும் கடினம் அதற்கில்லை. கண்ணாடி பேக்கிங் பாத்திரத்துக்கு இதைவிட நல்ல மருந்து கிடையாது என்பேன். சுடச்சுட இருக்கும் கண்ணாடியில் மட்டும் பச்சைத் தண்ணீர் ஊற்றிவிடாதீர்கள், விரிசல் விட்டுவிடும்.

வினிகர் நேர் எதிர். அதில் ஏறக்குறைய 5 சதவீதம் அசெட்டிக் அமிலம். பழைய நெய்ப்பிசுக்கை அது ஒன்றும் செய்யாது. கெட்டிலில் படியும் வெள்ளை உப்பு, எவர்சில்வரில் தெரியும் வானவில் நிறம், தண்ணீர் காய்ந்த புள்ளி, இவற்றைத்தான் எடுக்கும். அந்த வேலைக்கு வினிகரை அடித்துக்கொள்ள ஆளில்லை. டிரேயில் அந்த வேலை அதிகமில்லை என்பதுதான் சிக்கல்.

இரண்டையும் சேர்த்தால்? ஒரு தேக்கரண்டி சோடா ஏறக்குறைய 5 கிராம். அதை முழுவதுமாகச் செயலிழக்கச் செய்ய 70 மில்லி வினிகர் போதும். வீடியோவில் ஊற்றுவது அதற்கு மேல்தான். பொங்குவது கார்பன் டை ஆக்சைடு; பொங்கி முடிந்தபின் டிரேயில் மிஞ்சுவது சோடியம் அசெட்டேட் என்ற உப்பு கரைந்த தண்ணீர். காரமும் போயிற்று, புளிப்பும் போயிற்று. சிங்க் குழாயில் அடைத்த சோற்றை நுரை கொஞ்சம் அசைத்துவிடலாம். இறுகிய நெய்யை அசைக்காது. அப்படியானால் வீடியோவில் டிரே எப்படிப் பளபளத்தது என்று கேட்பீர்கள். நுரை அடங்கியபின் பஞ்சை வைத்து எவ்வளவு நேரம் தேய்த்தார்கள் என்பதை வெட்டிவிடுகிறார்களே!

பித்தளை விளக்கும் குத்துப்போணியும் துலக்கிய நம் பாட்டிமார்கள் இதில் தெளிவாக இருந்தார்கள். முதலில் புளி போட்டுத் தேய்த்து அலசுவார்கள். அதன்பிறகு சாம்பல். புளியின் வேலை முடிந்தபின்தான் சாம்பலின் முறை. இரண்டையும் ஒரே கிண்ணத்தில் குழைத்தவர்களை நான் பார்த்ததில்லை.

சோடாவுக்கு அண்ணன்கள்

ஓர் இரவு சோடாவுக்கும் பிசுக்கு மசியவில்லை என்றால் காரத்தைக் கூட்ட வேண்டும். அதற்குக் கடைக்கு ஓட வேண்டியதில்லை. சோடா மாவைக் கண்ணாடி அல்லது எவர்சில்வர் தட்டில் பரப்பி 200 டிகிரியில் ஒரு மணி நேரம் ஓவனில் வைத்தால், அதிலுள்ள நீரும் கார்பன் டை ஆக்சைடும் வெளியேறிச் சலவை சோடாவாக மாறிவிடும். 100 கிராம் வைத்தால் 63 கிராம் மிஞ்சும். எடை குறைந்திருந்தால் காரியம் முடிந்தது என்று அர்த்தம். கரைசலின் பிஎச் 11-ஐத் தாண்டும். இதைச் சுடுதண்ணீரில் கரைத்து எவர்சில்வர் டின்னிலோ ஓவனோடு வந்த எனாமல் டிரேயிலோ ஊற்றி வைத்தால், இரவெல்லாம் காத்திருக்க வேண்டிய வேலை ஓரிரு மணி நேரத்தில் முடியும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள்; பிசுக்கைச் சோப்பாக்குவது உங்கள் கைத்தோலின் எண்ணெயையும் விடாது.

தோட்டத்து லயத்தில் விறகடுப்புச் சாம்பலும் தேங்காய் நாரும் செய்தது இதே வேலைதான். சாம்பலில் இருப்பது பொட்டாசியம் கார்பனேட். எண்ணெயோடு சேர்ந்து அங்கேயே சோப்பாகும், சாம்பலின் துகள் தேய்க்கவும் உதவும். இரும்புக்கும் பித்தளைக்கும் அது போதும். மெருகு போட்ட எவர்சில்வரில் கீறல் விழும். மஞ்சள் மீ நூடுல்ஸிலும் சீனர்களின் கீ சாங் அரிசிப் பலகாரத்திலும் சேர்க்கும் ஆயர் அபு என்ற காரநீரும் அதே குடும்பம். ஆனால் அந்தச் சின்னப் பாட்டிலை டிரேயில் கவிழ்ப்பது ஊதாரித்தனம்.

துணி வெளுக்கும் ஆக்சிஜன் பவுடர்களும் பாத்திரம் கழுவும் இயந்திரத்துக்கான மாத்திரைகளும் பெரும்பாலும் இதே சலவை சோடாவைத்தான் அடித்தளமாகக் கொண்டவை. நன்றாகவே வேலை செய்கின்றன. வீட்டில் இருந்தால் பயன்படுத்துங்கள், இதற்காக வாங்க வேண்டாம்.

அலுமினியம் வந்தால் ஆட்டம் மாறும்

மேலே சொன்ன எல்லாமே அலுமினிய டிரேயிடம் தலைகீழாகிவிடும். பலகாரம் சுடும் வீடுகளில் இருப்பதோ பெரும்பாலும் அலுமினியம்தான், மலிவு என்பதால். எது எதுவென்று தெரியவில்லையா? ஐஸ்பெட்டியில் ஒட்டிய காந்தத்தை எடுத்து வையுங்கள். ஒட்டினால் இரும்போ எஃகோ எனாமலோ. ஒட்டாமல், தூக்கினால் காற்றாக இருந்தால் அலுமினியம். ஒட்டாமல் கனமாக இருந்தால் நல்ல ரக எவர்சில்வர்.

அலுமினியத்தின் மேல் இயற்கையாகவே ஓர் ஆக்சைடு படலம் உண்டு. அதுதான் அதன் கவசம். கடும் காரமும் அந்தக் கவசத்தைக் கரைக்கும், கடும் புளிப்பும் கரைக்கும். சலவை சோடாவில் ஊறவைத்த அலுமினிய டிரே மறுநாள் சாம்பல் கறுப்பாக எழுந்து வருவது இதனால்தான். சாதா சோடா மாவும் கொதிக்கும் தண்ணீரில் காரம் ஏறிக் கறுக்க வைக்கும். ஆறிய தண்ணீரில் குழைத்த சோடா, பதினைந்து இருபது நிமிடம், பிறகு அலசல்: அலுமினியத்துக்குச் சோடாவின் எல்லை அது.

இங்கே வெல்வது புளி. கேக் சாமான் கடையில் விற்கும் கிரீம் ஆஃப் டார்ட்டர், டார்டாரிக் அமிலத்தின் பொட்டாசியம் உப்பு. அந்த அமிலம்தான் நம் புளியின் புளிப்புக்கும் காரணம். எலுமிச்சை அளவு புளியைச் சுடுதண்ணீரில் கரைத்து, டிரேயில் ஊற்றி, மிதமான சூட்டில் பத்து நிமிடம் வைத்தால் கறுத்த அலுமினியம் வெளுக்கத் தொடங்கும். டிரே அடுப்பில் நிற்காத அளவு பெரிதென்றால் சூடான கரைசலை ஊற்றி, கொட்டையும் நாரும் கலந்த சக்கையாலேயே தேய்க்கலாம். லீமாவ் நிப்பிஸ் என்ற சின்ன எலுமிச்சையும் இதைச் செய்யும், ஆனால் ஒரு டிரேக்கு எத்தனை பழம் பிழிவது! தோட்டத்தில் பெலிம்பிங் பூலோ என்ற புளிப்புக்காய் மரம் நிற்கும் வீட்டுக்காரர்களுக்கு யோகம். கீழே விழுந்து அழுகும் காயை வெட்டித் தேய்த்தால் புளியைவிட வேகம், அதில் ஆக்சாலிக் அமிலம் உண்டு. எந்தப் புளிப்பானாலும் இரவு முழுக்க விடாதீர்கள், அலுமினியத்தில் பொடிப்பொடிக் குழி விழும். உப்பையும் சேர்த்து ஊறவிட்டால் இன்னும் சீக்கிரம் விழும்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். புளி எடுப்பது உலோகத்தின் கறுப்பை. மேலே நெய்ப்பிசுக்கு இருந்தால் புளி அதன் மேல் வழிந்தோடிவிடும். ஆகவே முதலில் ஆறிய சோடாக் குழம்பு, நன்றாக அலசல், அதன்பின் புளி. பாட்டியின் விளக்குக்குப் போட்ட முறை இங்கே வரிசை மாறி வருகிறது.

தேய்க்கும் கருவிகள்

அலுமினியத் தாளைக் கசக்கித் தேய்க்கச் சொல்லும் யோசனைக்கு வேர் வேறிடத்தில் இருக்கிறது. கறுத்த வெள்ளிக் கொலுசை அலுமினியத் தாளோடு சோடா கலந்த சுடுதண்ணீரில் போட்டால் வேதிவினையால் வெளுக்கும், அது உண்மை. டிரேயில் அந்த வினைக்கு வேலையே இல்லை. அங்கே தாள் உருண்டை வெறும் கம்பி நாரின் தம்பி. எவர்சில்வரில் மெல்லத் தேய்க்கலாம், அலுமினியத்திலும் ஒட்டாத டிரேயிலும் வேண்டாம்.

கரித்திட்டுக்கு என் தேர்வு காலாவதியான டச் அண்ட் கோ கார்டு, டோல் கட்டும் அந்த பிளாஸ்டிக் அட்டைதான். மூலைக்குள் நுழையும், வளையும், உலோகத்தைக் கீறாது. ஊறிய கரி தகடாக உரிந்து வரும்.

ஒட்டாத டிரேக்கு இங்கே சொன்ன போட்டி எதுவும் பொருந்தாது. வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரச் சோப்பு, மிருதுவான பஞ்சு. மிஞ்சினால் கொஞ்சம் சோடாக் குழம்பு. ஸ்பிரே எண்ணெய் அடித்து அடித்து ஒட்டும் பிசினாக இருந்தாலும் அதே சிகிச்சைதான், பொறுமை மட்டும் கூடுதல். பூச்சு உரியத் தொடங்கிவிட்டால் கழுவுவதை விட்டுவிட்டு டிரேயை மாற்றுங்கள்.

வேடிக்கை என்னவென்றால், இரும்புச் சட்டியில் எல்லாரும் ஆசைப்பட்டு வளர்ப்பது இதே எண்ணெய்ப் படலத்தைத்தான். அங்கே அதுதான் துருவைத் தடுத்து ஒட்டாமல் காக்கிறது. அதற்குச் சோடாவும் புளியும் இரண்டும் பகை. கல்லுப்பும் சொட்டு எண்ணெயும் போட்டுத் துடைத்து, அடுப்பில் காயவைத்தால் போதும்.

சமையலறைக்குள் வரவே கூடாதவை இரண்டு. ஒன்று துணி வெளுக்கும் கிளோரக்ஸ் பிளீச். எரிந்த நெய்யை அது எடுக்காது, எவர்சில்வரையும் அலுமினியத்தையும் அரிக்கும். வினிகரோ எலுமிச்சையோ புளியோ அதனுடன் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும், மூச்சு திணறும். இன்னொன்று ஹார்டுவேர் கடையில் சாக்கடை அடைப்புக்கு விற்கும் சோடா அப்பி, அதாவது காஸ்டிக் சோடா. பிசுக்கை நிமிடங்களில் கரைக்கும் என்பதில் பொய்யில்லை, ஓவன் கிளீனர்களின் பலமும் அதுதான். ஆனால் அலுமினியத்தில் பட்டால் கொதித்து ஹைட்ரஜனை விடும், கண்ணில் தெறித்தால் பார்வை போகும். பிஸ்கட் டிரேக்கு அந்த விலை அதிகம்.

இத்தனைக்கும் பிறகு ஓரத்தில் பழுப்பு கொஞ்சம் மிஞ்சத்தான் செய்யும். வழவழப்பாக, கையில் ஒட்டாமல் இருந்தால் அதனால் கெடுதல் இல்லை, நான் அப்படியே விட்டுவிடுவேன். கறுத்த டிரே சூட்டை அதிகம் இழுக்கும் என்பதால் நெய் பிஸ்கட்டின் அடி சீக்கிரம் சிவக்கும். 10 முதல் 15 டிகிரி குறைத்து வைத்து, பேக்கிங் பேப்பர் விரித்துக்கொள்ளுங்கள். பைனாப்பிள் டார்ட் சுடும் நாளில் அந்தப் பேப்பரின் ஓரத்தை இரண்டு விரல் அளவு மேலே மடித்துவிட்டால் ஜாம் டிரேயைத் தொடவே தொடாது.